பாரசீகம் பேசுவோருக்கு ஆங்கிலம்: எந்த ஆய்வை நம்பிப் பாடத்தைத் தொடங்குவது?

தெஹ்ரானில் இருந்தோ காபூலில் இருந்தோ வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை ஒரு தமிழ் ஆசிரியருக்கு வருவது இன்று அதிசயமில்லை. புனே, மைசூர், ஐதராபாத் பல்கலைக்கழகங்களில் ஈரானிய மாணவர்கள் பல காலமாகப் படித்திருக்கிறார்கள். இந்திய அரசின் உதவித்தொகையில் ஆப்கானிய மாணவர்கள் வந்திருக்கிறார்கள். டொரண்டோவில் ஈழத்தமிழரும் ஈரானியரும் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். இணையவழி வகுப்பு என்றால் ஊர் ஒரு பொருட்டே இல்லை. அப்படி ஒரு வகுப்பு கைக்கு வந்தால் எதிலிருந்து தொடங்குவது?

வழிகாட்ட ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பாரசீகம் பேசுவோர் ஆங்கிலம் கற்பதைப் பற்றி அறுபது ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அவை எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதில்லை. ஒரு சாரார் இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்து, எங்கே இடறும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். இன்னொரு சாரார் மாணவர் செய்த பிழைகளைத் திரட்டி வகைப்படுத்துகிறார்கள். மூன்றாவது கூட்டம் வகுப்பறையில் இரண்டு குழுக்களை வைத்துச் சோதனை நடத்துகிறது. நான்காவதாக, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை மட்டுமே அளவுகோலாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். எதை அடித்தளமாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் பாடத்திட்டமே மாறிவிடும். மூன்று மாத வகுப்பில் நான்கையும் முழுதாகச் செய்ய நேரம் கிடைக்காது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் பேசியதையும் எழுதியதையும் கையில் வைத்துக்கொண்டு, அதில் எது கேட்பவரைக் குழப்புகிறது என்று பார்த்துத் தொடங்குவதே சரி. மொழி ஒப்பீடு விளக்கம் சொல்ல உதவும், திட்டம் போட உதவாது. இந்த முடிவுக்கு வந்த வழியைப் பார்ப்போம்.

மொழி ஒப்பீட்டை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட மனம் வராது. ராபர்ட் லாடோ 1957-ல் எழுதிய நூலோடு இந்த வழி பிரபலமானது. தாய்மொழியில் ஒத்திருப்பது எளிது, வேறுபடுவது கடினம் என்பது அதன் மையக் கருத்து. ஈரானில் ஷிராஸ் பல்கலைக்கழகத்தின் லொத்ஃபொல்லா யார்மொஹம்மதி போன்றவர்கள் ஆங்கிலத்தையும் பாரசீகத்தையும் இப்படி ஒப்பிட்டு நிறைய உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலனாக நமக்கு ஒரு நல்ல வரைபடம் கிடைக்கிறது.

தெஹ்ரான் பாரசீகத்தில் உயிரொலிகள் ஆறுதான். 'ஷிப்', 'ஷீப்' என்ற இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு அதில் இல்லை. 'ஃபுல்', 'ஃபூல்' இரண்டுக்கும் அதே கதி. ஆங்கிலச் சொற்களான 'திங்க்', 'திஸ்' ஆகியவற்றின் முதலொலிகளும் பாரசீகத்தில் கிடையாது. எழுத்தில் அரபியிலிருந்து வந்த அந்த எழுத்துகள் இருந்தாலும் வாசிக்கும்போது அவை வேறு ஒலிகளாகிவிடும். ஈரானில் 'டபிள்யூ' ஒலி இல்லாததால் 'வெஸ்ட்' என்று மேற்கைச் சொன்னாலும் கையில்லாச் சட்டையைச் சொன்னாலும் ஒன்றுபோலவே கேட்கும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வர பாரசீகம் அனுமதிக்காது. அதனால் 'ஸ்கூல்' அங்கே 'எஸ்கூல்' ஆகிறது. நம் ஊரில் 'இஸ்கூல்' ஆவது போலத்தான். ஆனால் 'பிளாஸ்டிக்' என்ற சொல்லில் உயிர் முன்னால் வராமல் நடுவில் புகுந்து 'பெலாஸ்டிக்' ஆகிவிடுகிறது. 'ஸ்' முதலில் வந்தால் முன்னால் ஓர் உயிர், மற்றவற்றில் பெரும்பாலும் நடுவில் ஓர் உயிர். இந்த ஒழுங்கைப் பல ஆய்வுகள் விரிவாகப் பார்த்திருக்கின்றன.

இலக்கணத்திலும் வரைபடம் துல்லியமானது. பாரசீகத்தில் 'ஊ' என்றால் அவனும்தான், அவளும்தான். எண்ணுக்குப் பின் பெயர் ஒருமையிலேயே நிற்கும். நாம் 'மூணு புத்தகம்' என்பது போல அவர்கள் 'சே கெதாப்' என்கிறார்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கு 'மன் மொவாஃபெகம்', அதாவது 'நான் ஒப்புதலுள்ளவன்' என்ற வடிவம். அதனால்தான் 'ஐ ஆம் அக்ரீ' வருகிறது. 'அவர் வருவதாகச் சொன்னார்' போன்ற இடங்களில் சொன்னபோது இருந்த காலமே அப்படியே நிற்கும். ஆங்கிலம் போலப் பின்னுக்குத் தள்ளப்படாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு நம் எழுத்தில் இல்லாதது போலவே அவர்கள் எழுத்திலும் இல்லை.

இவ்வளவு நல்ல வரைபடத்தை வைத்துப் பாடம் போட்டால் என்ன? இரண்டு இடங்களில் அது ஏமாற்றுகிறது.

முதலாவது, வேறுபாடு இருக்கும் இடமெல்லாம் பிழை வருவதில்லை. பாரசீகத்தில் தமிழ் போலவே வினை கடைசியில் வரும். ஒப்பீட்டின்படி 'ஐ புக் ரீட்' என்று சொல்ல வேண்டும். ஆனால் ஆரம்ப நிலையைத் தாண்டிய யாரும் அப்படிச் சொல்வதில்லை, நம் பிள்ளைகளும் சொல்வதில்லை. சொல்வரிசை கண்ணுக்கும் காதுக்கும் உடனே படுவதால் சீக்கிரம் பழகிவிடுகிறது. அதற்கென்று வாரக்கணக்கில் பயிற்சி போட்டால் வீண்.

இரண்டாவது, 'பாரசீகம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது ஒரே ஒலியமைப்பு அல்ல. காபூலில் பேசப்படும் தரி மொழியில் 'டபிள்யூ' ஒலி இருக்கிறது, 'வி' ஒலிதான் இடறும். தெஹ்ரான்காரர் 'வெரி வெல்' என்பதில் இரண்டையும் 'வி'யாக்கினால், காபூல்காரர் இரண்டையும் 'டபிள்யூ'வாக்கக்கூடும். சிங்கத்துக்கும் பாலுக்கும் தெஹ்ரானில் 'ஷீர்' என்று ஒரே உச்சரிப்பு. காபூலில் சிங்கம் 'ஷேர்', பால் 'ஷீர்'. உயிரொலிகளின் எண்ணிக்கையே வேறு. தாஜிகிஸ்தானில் சிரிலிக் எழுத்தும் ரஷ்ய மொழியும் சேர்ந்துகொள்கின்றன. தெஹ்ரானை வைத்து வரைந்த வரைபடத்தை ஆப்கானிய மாணவரிடம் கொண்டுபோனால், அவருக்கு வராத நோய்க்கு நாம் மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. நமக்குக் கடினமானது அவர்களுக்கும் கடினம் என்று நம்மை அறியாமல் நினைத்துவிடுவோம். 'பேட்', 'பெட்' வேறுபாட்டுக்கு நம் வகுப்புகளில் நிறைய நேரம் போகும். பாரசீகத்தில் அந்த இரண்டு உயிர்களுக்கும் நெருக்கமானவை ஏற்கெனவே இருக்கின்றன. 'ஃப', 'இஸட்', 'மெஷர்' என்ற சொல்லின் நடு ஒலி எல்லாமே அவர்கள் தாய்மொழியில் உள்ளவை. அங்கே நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

இந்தக் குறைகள் தெரிந்த பிறகுதான் பிழை ஆய்வு எழுந்தது. பிட் கார்டர் 1967-ல் வெளியிட்ட கட்டுரையில், மாணவரின் பிழை துடைத்தெறிய வேண்டிய அழுக்கு அல்ல, அவர் மனத்தில் மொழி எப்படி உருவாகிறது என்பதைக் காட்டும் சான்று என்றார். லாரி செலிங்கர் 1972-ல், தாய்மொழியும் இல்லாமல் இலக்கு மொழியும் இல்லாமல் மாணவரிடம் தனக்கென விதிகள் கொண்ட ஓர் இடைமொழி இருப்பதாக விளக்கினார். ஈரானில் மொஹம்மத் ஹொசைன் கெஷாவர்ஸ் எழுதிய பாடநூல் வழியாக இந்தப் பார்வை அங்கே பரவலானது.

இதை நடைமுறையில் பார்க்க ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்வோம். ஈரானிய மாணவர் ஒருவர் தன் அம்மாவைப் பற்றி இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: 'மை மதர் இஸ் எ நர்ஸ். ஹீ ஒர்க்ஸ் இன் எ ஹாஸ்பிடல். த டாக்டர் தட் மை மதர் ஒர்க்ஸ் வித் ஹிம் ஹேஸ் த்ரீ சைல்ட். ஐ ஆம் அக்ரீ வித் ஹிஸ் ஐடியா.'

நாலு வாக்கியத்தில் நாலு பிழை. நாலும் பாரசீகத்தின் நிழல்தான். ஆனால் நாலும் ஒரே மாதிரிப் பிழை அல்ல. 'ஐ ஆம் அக்ரீ' என்பது அறியாமையால் வருவது. ஒருமுறை விளக்கி, சில வாரம் கவனித்தால் போய்விடும். 'த்ரீ சைல்ட்' பாதி அறியாமை, பாதி அவசரம். 'ஹீ' அப்படியல்ல. பெண்ணுக்கு 'ஷீ' என்று வரவேண்டும் என்பது அவருக்கு முதல் வகுப்பிலேயே தெரியும். தெரிந்தும் வேகமாகப் பேசும்போது வழுக்குகிறது, நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் வழுக்கும். இதற்கு இலக்கண விளக்கம் பயன்படாது. ஒரு அண்ணன், ஒரு தங்கை இருக்கும் கதையை நேரம் குறித்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதே பயன்படும். பிழைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். ஒப்பீட்டுப் பட்டியலில் நாலும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும்.

'தட் மை மதர் ஒர்க்ஸ் வித் ஹிம்' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாரசீகத்தில் 'கே' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பிறகு 'அவரோடு' என்ற பொருளில் 'பா ஊ' வந்தே தீர வேண்டும். அந்த 'ஊ'தான் ஆங்கிலத்தில் தேவையில்லாத 'ஹிம்' ஆகிறது. இதே வகை வாக்கியத்தை வைத்துத்தான் ஜாக்குலின் ஷாக்டர் 1974-ல் பிழை ஆய்வின் பெரிய ஓட்டையைக் காட்டினார். பாரசீகம், அரபு, சீனம், ஜப்பானியம் பேசும் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளில் இந்த வகைத் துணைவாக்கியங்களை அவர் எண்ணினார். பாரசீகம் பேசுவோர் 174 இடங்களில் அவற்றை எழுதி 43-ல் தவறினார்கள். ஜப்பானியர் தவறியது 5 இடங்களில் மட்டும். பிழையை மட்டும் எண்ணினால் ஜப்பானியர் கெட்டிக்காரர்கள் என்று தோன்றும். ஆனால் அவர்கள் எழுதியதே 63 தான். கடினம் என்று தெரிந்து அந்த வாக்கியத்தையே தவிர்த்துவிட்டார்கள். பாரசீகத்தில் துணைவாக்கியம் ஆங்கிலம் போலப் பெயருக்குப் பின்னால் வருகிறது. அதனால் அவர்கள் துணிந்து எழுதினார்கள், தவறவும் செய்தார்கள். ஜப்பானியத்தில் அது பெயருக்கு முன்னால் வருகிறது. தமிழும் அப்படியே: 'நான் பேசிய டாக்டர்'. நம் மாணவர்கள் எதைத் தவிர்க்கிறார்கள் என்று யோசிக்கவும் இந்த ஆய்வு உதவும்.

எனக்கு இந்த நான்கு வழிகளிலும் மிகவும் பயன்பட்ட ஒற்றை ஆய்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பாரசீகம் பேசும் மாணவர் நீண்ட வாக்கியத்தில் தவறினால் அது துணிச்சலின் அடையாளம், சிவப்பு மையால் அடித்து அந்தத் துணிச்சலைக் கொன்றுவிடக் கூடாது. அப்புறம், பிழைகளை எண்ணும்போது எழுதாமல் விட்டதையும் எண்ண வேண்டும். அதாவது மாணவர் விரும்பியதை எழுதவிட்டால் போதாது. குறிப்பிட்ட வாக்கிய வகை வந்தே ஆகவேண்டிய ஒரு பயிற்சியையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, வகுப்பறைச் சோதனை. ஈரானில் இருந்து வரும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அமைப்பு பழகிப்போன ஒன்று. தனியார் மொழிப்பயிற்சி நிலையத்தில் ஒரு தரநிலைத் தேர்வு வைத்து ஒரே மட்டத்தில் உள்ளவர்களைப் பிரிப்பார்கள். ஒரு வகுப்புக்குப் புதிய முறை, மற்றதுக்கு வழக்கமான முறை. சில வாரம் கழித்துத் தேர்வு. புதிய முறை வென்றது என்று முடிவு. பிழை திருத்தம், சொல் கற்றல், கேட்டல் உத்தி, கைப்பேசிச் செயலி என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி நிறைய ஆய்வுகள் உண்டு.

இவற்றைத் தனித்தனியாக எடுத்து முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சிறிய குழு, குறுகிய காலம், பாடம் முடிந்த கையோடு தேர்வு. மூன்று மாதம் கழித்து அதே மாணவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று பார்ப்பது குறைவு. தேர்விலும் பல நேரம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். பேசிக் காட்டச் சொல்வது அரிது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பவர்களின் கட்டுரைகள் இதைவிட நம்பத்தக்கவை. நோரிஸ், ஒர்டேகா இருவரும் 2000-ல் செய்த தொகுப்பில், இலக்கணத்தை வெளிப்படையாக விளக்குவது பொதுவாகப் பலன் தருகிறது என்று தெரிந்தது. உச்சரிப்புப் பயிற்சியும் நல்ல பலன் தருவதை 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பு காட்டியது. ப்ளான்ஸ்கி, ஆஸ்வால்ட் 2014-ல் கொடுத்த அளவுகோலையும் நினைவில் வைப்பது நல்லது: இத்துறையில் இரு குழுக்களின் மதிப்பெண் இடைவெளி எவ்வளவு பெரியது என்று சொல்லும் 'விளைவின் அளவு' 0.4 என்றால் சிறியது, 0.7 நடுத்தரம், 1.0 பெரியது. ஏதாவது ஒரு கட்டுரை 'புதிய முறை வென்றது' என்றால் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த வெற்றியின் அளவு நமக்குத் தெரியாது.

அந்தச் சோதனைகளில் பங்கேற்பவர்கள் யார் என்பதும் முக்கியம். ஈரானிய அரசுப் பள்ளியில் ஆங்கிலம் ஏழாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கூடாது என்று 2018 தொடக்கத்தில் தடை அறிவித்தார்கள். 2013 முதல் பள்ளிப் பாடநூல்களை உரையாடல் வழிக்கு மாற்றினார்கள். ஆனாலும் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் மாலையில் தனியார் நிலையங்களுக்குத்தான் போகிறார்கள். பணம் கட்டிப் படிக்கும் நகரத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை, பள்ளிப்படிப்பு பாதியில் நின்ற ஆப்கானிய அகதிப் பெண்ணுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

முறைகளைப் பற்றிய இந்த விவாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவருக்கும் இடமுண்டு. பி. குமரவடிவேலு 1994-ல், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கற்பித்தல் முறையைத் தேடுவதை விட்டுவிட்டு, ஆசிரியர் தன் சூழலுக்கேற்பத் தானே வழி கண்டுகொள்ள வேண்டும் என்று வாதிட்டார். ஈரானிய ஆய்வாளர்கள் அவரை மிகவும் வாசித்தார்கள். தெஹ்ரானின் தர்பியத் மொதர்ரெஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமின் அக்பரி 2008-ல் பதில் எழுதினார்: கருத்து நல்லதுதான், ஆனால் ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் இல்லை, முறைகளின் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது ஆசிரியரின் சுதந்திரம் அல்ல, பாடநூல். நான் குமரவடிவேலுவின் பக்கம் சாய்ந்தாலும் அக்பரி சொல்வதை மறுக்க முடியவில்லை. பாடநூலும் தேர்வும் மேலிருந்து வரும் இடத்தில் ஆசிரியருக்கு மிஞ்சுவது, எந்தப் பிழையை எப்போது தொடுவது என்ற ஒரே முடிவுதான். அந்த ஒரு முடிவையாவது சரியாக எடுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்குத்தான் நான்காவது வழி. மன்ரோவும் டெர்விங்கும் 1995-ல் காட்டியது எளிமையான ஒன்று: அழுத்தமான அயல் உச்சரிப்போடு பேசுகிறவரின் பேச்சும் கேட்பவருக்கு முழுதாகப் புரியலாம். வேற்று வாடை அடிப்பதும் புரியாமல் போவதும் ஒன்றல்ல. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எங்கெல்லாம் புரிதல் அறுபடுகிறது என்று பார்த்துப் பட்டியல் போட்டார்.

அந்தப் பட்டியலைப் பாரசீகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வழக்கமான பாடவரிசை தலைகீழாகிறது. எல்லோர் காதிலும் முதலில் விழும் 'எஸ்கூல்', 'எஸ்போர்ட்' அதிகம் கெடுப்பதில்லை. மெய்யைத் தின்றுவிடுவதை விட ஓர் உயிரைச் சேர்ப்பது பாதுகாப்பானது. 'திங்க்' என்ற சொல்லின் முதலொலியும் அப்படியே, பெரிய சேதம் இல்லை. ஆனால் 'ஷிப்', 'ஷீப்' நெடில் குறில் வேறுபாடு பட்டியலில் இருக்கிறது. வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. சொல்லழுத்தத்தில் ஜென்கின்ஸ் தாராளமாக விட்டுவிடுகிறார். அங்கே நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. பாரசீகப் பெயர்ச்சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு வந்தால், முக்கியமாகப் பிரிட்டனிலும் கனடாவிலும் அதையே தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர்களிடம், தெரிந்த சொல்லும் தெரியாத சொல்லாகிவிடும்.

இலக்கணத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். 'ஐ ஆம் அக்ரீ' யாரையும் குழப்பாது. அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹீ' வந்தால், யாரைச் சொல்கிறார் என்று கேட்பவர் தடுமாறுவார். மருத்துவமனையில் வேலை தேடும் ஒரு செவிலியருக்கு அந்தத் தடுமாற்றம் விலை அதிகமானது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கேட்பவரின் புரிதலே அளவுகோல் என்றால், தேர்வு எழுதும் மாணவருக்கு அது போதாது. ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தாளில் 'த்ரீ சைல்ட்' புரிந்தாலும் மதிப்பெண் குறையும். அங்கே பிழைப் பட்டியலுக்கே முதலிடம்.

ஆக, வகுப்பு முழுதும் ஈரானியர், நோக்கம் பேச்சு என்றால் முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். தன் வீட்டில் உள்ள ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பற்றி. பாரசீகம் தெரியாத ஒரு நண்பரிடம் அதைக் கொடுத்து, புரியாத இடத்தில் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் காது மாணவரின் பேச்சுக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால் இதை நாமே செய்யக் கூடாது. குறித்த இடங்கள்தான் பாடத்திட்டம். ஒப்பீட்டு வரைபடத்தை அப்போது திறந்து, ஏன் வருகிறது என்று மாணவருக்கு விளக்குங்கள்; காரணம் தெரிந்த பிழையைப் பெரியவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

காபூல், ஹெராத் மாணவர்கள் கலந்திருந்தால் ஒலிப் பாடத்தைத் தனித்தனியாகப் பிரியுங்கள், இலக்கணப் பாடத்தைச் சேர்த்தே நடத்தலாம். தேர்வுக்கான வகுப்பு என்றால் எழுத்துப் பிழைகளில் தொடங்கி, துணைவாக்கியம் கட்டாயமாக வரும் பயிற்சி ஒன்றை வாரந்தோறும் கொடுங்கள்.

இதே துறையில் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். ஈரானைப் பற்றி எழுதியது மலைபோல் இருக்கிறது. தரி பேசுவோரைப் பற்றி எழுதியது அதன் அருகில்கூட வராது. இன்னொரு முறை இரண்டு வகுப்புகளைப் பிரித்து ஒரு செயலியைச் சோதிப்பதைவிட, ஆப்கானிய மாணவர்கள் பத்துப் பேரை ஓர் ஆண்டு முழுக்கப் பதிவுசெய்து, 'ஹீ', 'ஷீ' எப்போது நிலைக்கிறது, 'வி' எப்போது பிடிபடுகிறது என்று பார்ப்பது ஆசிரியர்களுக்கு உடனே உதவும்.